மஞ்சள் பெனியன்

பந்திலைதான் பட்டது. என்ரை கால் பந்திலைதான் பட்டது, வேறை ஒண்டிலையும் படேல்லை. பந்திலை சரியாய்ப் படேக்கை ஒரு சத்தம் வருமெல்லோ, ஈரத்துணியைக் கல்லிலை ஒருக்கா அடிச்ச மாதிரி, அது வந்தது, நான் கேட்டனான், கேட்ட உடனை உள்ளுக்கை ஒரு சந்தோசம் கூட வந்தது, வடிவாய் எடுத்துப்போட்டனடா எண்டு. அதுக்குப் பிறகுதான் மற்றச் சத்தம். சின்னச் சத்தம். விரல் முறிக்கேக்கை வாற மாதிரி. அது என்ன சத்தம்? என்ரை சப்பாத்து அவரின்ரை முழங்காலிலை பட்டதோ? பட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமோ? கால் சொல்லும், கால் விரல் சொல்லும், சின்னனிலை இருந்து பந்தடிக்கிற காலுக்கு எது பந்து, எது எலும்பு எண்டு தெரியாதோ? விரல் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் இப்ப அந்த விரலை நம்பலாமோ எண்டுதான் தெரியேல்லை, பயம் வந்தால் விரலும் பொய் சொல்லும். உடுப்பு மாத்திற அறையிலை தனிய இருக்கிறன், சப்பாத்துக் கூடக் கழட்டேல்லை. மற்றவை எல்லாரும் குளிச்சு, சென்ற் அடிச்சு, ஒருத்தரும் என்ரை முகத்தைப் பாக்காமல் மேலை சாப்பிடப் போட்டினம். எதிர்ப்பக்கம் வைத்திய அறை, கதவு சாத்தியிருக்கு, கதவுக்குக் கீழாலை ஒரு கோடு வெளிச்சம் தெரியுது. உள்ளுக்கை கட்டிலிலை டாறியோ வெலானி கிடக்கிறார். சும்மா ஆளே? இத்தாலிக்கு உலகக் கிண்ணம் விளையாடின டாறியோ, எங்கடை கழகம் தலைகீழாய் நிண்டு ஐரோப்பாவிலையிருந்து கொண்டுவந்த டாறியோ, ரொறன்ரோவுக்குப் பக்கத்திலை இருக்கிற இந்த ஏரிக்கரை நகரத்திலை பஸ் எல்லாத்திலையும் முகம் ஒட்டியிருக்கிற டாறியோ. இண்டைக்குக் காலமைப் பயிற்சியிலை நான் சறுக்கி விழுந்து அவரின்ரை காலிலையிருந்து பந்தை எடுத்தன். அவர் விழுந்தார். எழும்பேல்லை. முழங்காலை ரெண்டு கையாலையும் பொத்திக்கொண்டு, நியென்ரே, நியென்ரே எண்டு முனகினார். இத்தாலியிலை அதுக்கு ஒண்டுமில்லை எண்டு அர்த்தமாம், பிறகு ஆரோ சொல்லிச்சினம். கோச் என்னைப் பாத்து, உள்ளை போய் இரு, எங்கையும் போகாதை எண்டார். கத்தேல்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும்.

அந்த மஞ்சள் பெனியன் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அந்தோனியார் மேலை ஆணையாய் நடந்திருக்காது. பயிற்சியிலை ரெண்டாய்ப் பிரிஞ்சு விளையாடேக்கை ஒரு பக்கம் நீலப் பெனியன், மற்றப் பக்கம் வெள்ளை, எல்லா இடத்திலையும் இருக்கிற வழக்கம்தான். டாறியோ வந்த கிழமை கோச் மூண்டாவதாய் ஒண்டு கொண்டுவந்தார், பளிச்செண்ட மஞ்சள். இதைப் போட்டிருக்கிறவரை ஒருத்தரும் இடிக்கப்படாது, பக்கத்திலை ஓடலாம், முன்னுக்கு நிக்கலாம், கால் மட்டும் வைக்கப்படாது எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர், நாங்களும் சிரிச்சனாங்கள். எங்கடை கோல் கீப்பர் ஒமார், யமேக்காக்காரன், அவனுக்கு எப்பவும் வாய் சும்மா இராது, இது பெயின்ற் காயேல்லை தொடாதேங்கோ எண்டு மாட்டி விடுற பலகை எண்டான். அண்டையிலையிருந்து டாறியோ பந்தோடை வந்தால் நாலு பேர் விலத்தி விடுறம், அவர் கோல் அடிக்கிறார், நாங்கள் கை தட்டிறம். கலியாண வீட்டிலை மாப்பிளைக்கு வழி விட்ட மாதிரி. மஞ்சளைக் கண்டால் கால் தானாய் நிக்கும், அப்பிடி என்னைப் பழக்கிப்போட்டன், ரோட்டிலை மஞ்சள் லைற் விழுந்தாலே எனக்கு இப்ப அவர்தான் ஞாபகம். இண்டைக்கு மஞ்சள் இல்லை. தண்ணி குடிக்கப் போன மனுசன் தலையாலை அதைக் கழட்டிக் கோட்டுக்கு வெளியிலை எறிஞ்சுபோட்டுத் திரும்பி வந்தார், உள்ளுக்கை போட்டிருந்தது நீலம், எங்களுக்கு எதிர்ப்பக்கத்து நீலம். வெக்கையாக்கும் எண்டு நினைச்சன். அப்ப நான் கண்டனானோ? கண்டனான். கண்டுபோட்டு ஏன் மறந்தனான்? மறக்கேல்லை, மறக்கிறதுக்கு நேரம் எங்கை, பந்து என்ரை பக்கம் வந்தது, நீலம் ஒண்டு பந்தோடை வந்தது, நான் பந்தைப் பாத்தன். என்னைக் கழகத்துக்கு எடுத்தண்டைக்கு இதே கோச் அப்பாவுக்கு முன்னாலை சொன்னவர், உங்கடை மகன் ஆளைப் பாக்கமாட்டான், பந்தைத்தான் பாப்பான், அதுதான் எனக்கு இவனிலை பிடிச்சது எண்டு. அதாலை எடுத்தவை. இப்ப அதாலைதான் கலைக்கப் போகினம்.

கலைக்கிறதெண்டால் எப்பிடி எண்டு எனக்குத் தெரியும், பக்கத்து அலுமாரியிலை பாத்தனான். இஞ்சை ஒவ்வொருத்தருக்கும் ஒரு அலுமாரி, மேலை ஒட்டுநாடாவிலை கறுப்பு மையாலை பேர் எழுதி ஒட்டியிருக்கும். எனக்கு ஜெறி எண்டு எழுதியிருக்கு, முழுப்பேர் ஜெறின்சன் பெனடிற், யாழ்ப்பாணத்துக் குருநகராள் எண்டு சொன்னால் இஞ்சை ஆருக்கு விளங்கும். பக்கத்திலை கெல்வின் இருந்தவன், நாலு வருசம் ஒண்டாய் இருந்தம், அவனின்ரை சப்பாத்து மணம் கூட எனக்குப் பழக்கம். டாறியோவைக் கொண்டுவாறதெண்டால் இடம் வேணும், ஒரு கழகத்திலை இத்தினை பேர்தான் இருக்கலாம் எண்டு சட்டம், அப்ப ஒராளை விடவேணும். ஆரெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருநாள் காலமை வந்தம், கெல்வினின்ரை ஒட்டுநாடாவைக் காணேல்லை. அவனும் எங்களோடைதான் உள்ளை வந்தவன், பையைத் தோளிலை போட்டுக்கொண்டு பகிடி விட்டுக்கொண்டு வந்தவன், மேலை பாத்தான், பிறகு பையை இறக்கவே இல்லை, அப்பிடியே திரும்பிப் போட்டான். ஒட்டியிருந்த பசை இன்னும் அதிலை கிடக்கு, தூசு பிடிச்சுக் கறுப்பாய். அண்டு பின்னேரம் நாங்கள் எல்லாரும் விமான நிலையத்துக்குப் போனம், டாறியோவை வரவேற்க. மேளம், கொடி, சால்வை, சனம் கதறுது. அதிலை எங்கடை தமிழ்ப் பெடியள் பத்துப் பேர் பறையோடை. மனுசன் ஒரு சின்னப் பையோடை வந்தார், நல்ல உயரம், நரை விழுந்த தாடி, கண்ணுக்குக் கீழை களைப்பு. அரங்கத்திலை மேடை போட்டு வைச்சிருந்தவை, மேடைக்கு நாலு படி. அவர் படியாலை ஏறேல்லை, பக்கத்திலை சக்கரக்கதிரைக்காரருக்குப் போட்டிருந்த சரிவாலை, சனத்துக்குக் கை காட்டிக்கொண்டு, ஆறுதலாய் ஏறினார். ஸ்ரைல் எண்டு நினைச்சம். ஒமார் அண்டு முழுக்க அப்பிடி நடந்து காட்டிச் சிரிப்புக் காட்டினவன். இவருக்கு முதல் ஒரு ஒல்லாந்துக்காரர் வந்தவர், அவரும் பேர்பெற்ற ஆள்தான், முக்கால்வாசி நேரம் கம்பிளியைப் போத்திக்கொண்டு ஓரத்திலை இருந்து சூப் குடிச்சவர், பிறகு போட்டார். அங்கை பொழுதுபட்ட ஆக்களுக்கு இஞ்சை விடியும் எண்டு கழகத்துக்காரர் நினைக்கினம். சனமும் நினைக்குது, ரிக்கற் எல்லாம் முடிஞ்சுதாம், வெறுங்கதிரை பாத்துப் பாத்து விளையாடின எங்களுக்கு அது ஒரு பெரிய புதினம். நானும் நினைச்சனான். சின்னனிலை அவரின்ரை பேர் எழுதின ரீசேட்டைப் போட்டுக்கொண்டு படுத்தவன் நான். அந்த மனுசனைத்தான் இண்டைக்கு விழுத்திப்போட்டு இருக்கிறன்.

நான் இருக்கிற நீட்டு வாங்கிலை கிடந்த போன் அதிருது. அப்பா. எடுக்கிறதோ விடுகிறதோ? விட்டால் திருப்பி எடுப்பார், திருப்பித் திருப்பி எடுப்பார், அவர் ஸ்காபரோவிலை பாண் சுடுற பேக்கரித் தொழிற்சாலையிலை வேலை, இடைவேளை முடியுமட்டும் விடமாட்டார். சனிக்கிழமை டாறியோ எங்கடை மைதானத்திலை முதல்முதல் இறங்கிறார், அப்பா தன்னோடை வேலை செய்யிற அவ்வளவு பேருக்கும் ரிக்கற் எடுத்துக் குடுத்து, கோயில் சுவாமியாருக்கும் எடுத்துக் குடுத்து, வீட்டிலை அந்தோனியாரின்ரை படத்தை ஒரு பக்கம் நகத்திப்போட்டு டாறியோவின்ரை படத்தை மாட்டினவர். அம்மா மூண்டு நாள் அவரோடை கதைக்கேல்லை. எடுத்தன். பயிற்சி முடிஞ்சுதே மகன் எண்டார், முடிஞ்சுது எண்டன். பின்னாலை மெசின் இரையுது, அவர் கத்திக் கதைக்கிறார். அந்த மனுசன் எப்பிடி, சுகமாய் இருக்கிறாரே எண்டு கேட்டார். தன்ரை தமையனை விசாரிக்கிற மாதிரி. இருக்கிறார் எண்டன். என்ரை குரல் எனக்கே வேறை ஆரோவின்ரை மாதிரிக் கிடந்தது. சுவாமியார் ஒரு படம் எடுக்கவேணுமாம் அவரோடை, நீயும் பக்கத்திலை நிக்கவேணும், அவரோடை விளையாடிறவன் என்ரை மகன் எண்டு நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் எண்டார். பாப்பம் அப்பா எண்டன். என்ன பாப்பம், நிக்கவேணும் எண்டார். பிறகு, என்ன மகன் ஒரு மாதிரிக் கதைக்கிறாய், சாப்பிட்டியே எண்டு கேட்டார். அப்பா, நான் அவரின்ரை காலை முறிச்சுப்போட்டனோ தெரியேல்லை எண்டு சொல்லலாமோ? சொன்னால் அவர் பாணுக்கு முன்னாலை நிண்டு என்ன செய்வார்? சாப்பிட்டனான் எண்டு சொல்லி வைச்சுப்போட்டன். நாளைக்குப் பேப்பரிலை வரும், பின்னேரமே போனிலை வந்திடும், டாறியோவை உடைச்சவன் எண்டு. அப்பா பஸ்ஸிலை போகேக்கை பின்னாலை இருக்கிறவன் காட்டுவான், உவற்றை பெடியன்தான் எண்டு. தமிழ்ச் சனம் விடுமே? எத்தினை வருசத்துக்குப் பிறகு ஒரு தமிழ்ப் பெடியன் பெரிய கழகத்திலை விளையாடிறான் எண்டு விழா வைச்சுப் பொன்னாடை போத்தின அதே ஆக்கள், பாத்தியே, வேலையைக் காட்டிப்போட்டான் எண்டுவினம்.

பந்திலைதான் பட்டது. திருப்பி ஒருக்கா ஓட்டிப் பாக்கிறன். அவர் இடப்பக்கமாய் வாறார், வலக்காலை ஊண்டுறார், உடம்பைத் திருப்பிறார், நான் அதுக்கு முன்னமே விழுந்திட்டன், புல்லு ஈரம், தொடை சறுக்குது, கால் நீட்டுப்படுது, பந்து. பந்து போட்டுது. பந்து போன பிறகுதானே அவர் விழுந்தவர்? இல்லாட்டி முந்தியோ? முந்தி எண்டால், நான் தொடுறதுக்கு முன்னமே விழத் தொடங்கினவர் எண்டால், அதெப்பிடி? விசரா, உனக்கு வசதியாய் நீ மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கிறாய். ஒவ்வொரு முறை ஓட்டேக்கையும் வேறை மாதிரி வருது, கடைசியாய் ஓட்டினதிலை என்ரை சப்பாத்து அவரின்ரை முழங்காலுக்குள்ளை போனமாதிரியே தெரிஞ்சுது. கண்ணைத் திறந்தன். என்ரை வலது முழங்காலைப் பாத்தன். இதைப் பற்றி ஒருத்தருக்கும் தெரியாது. படி இறங்கேக்கை இது டக் எண்டும். நோ பெரிசாய் இல்லை, சத்தம்தான், ஆனால் சத்தம் வந்தால் ஆரும் கேப்பினம், கேட்டால் டொக்டரிட்டை அனுப்புவினம், டொக்டர் எழுதுவார், எழுதினால் ஒட்டுநாடா. இந்த வருசம் முடிய என்னை வைச்சிருக்கிறதோ விடுகிறதோ எண்டு முடிவெடுப்பினம், முப்பது வயசு முட்டப்போகுது. அதாலை நான் எல்லாருக்கும் முதல் வந்து எல்லாருக்கும் பிறகு போறன், படியிலை கூட ஆரும் இருந்தால் சப்பாத்து நூல் கட்டிற மாதிரிக் குனிஞ்சு அவையளைப் போக விடுவன். வீட்டிலை குளியலறையைப் பூட்டிப்போட்டு ஐஸ் வைப்பன். இந்தக் காலோடைதான் நான் டாறியோவுக்குமாய்ச் சேத்து ஓடுறன். கோச் வெளிப்படையாய்ச் சொன்னவர், அவர் திரும்பி ஓடமாட்டார், அவர் ஓடவேண்டியதை நீ ஓடு எண்டு. ஓடினன். அவரோடை ஒரே பக்கம் நிண்ட நாளெல்லாம் மூச்சு வாயாலை வர ஓடினன். டாறியோ நான் தனக்காக ஓடுறதைக் கண்டவர், அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை, ஒருத்தரும் காணாததை அவர் கண்டவர். காலமையிலை ஒரு சின்ன அலுமினியக் கேத்திலிலை தானே கோப்பி போடுவார், இந்த அறையிலையே, சின்னக் கோப்பையிலை முதல் ஊத்து எனக்குத்தான். ஒரு சொட்டுச் சிந்தாமல் என்ரை கைக்குள்ளை வைச்சு, ரெண்டு தரம் விரலை மூடி விட்டுப்போட்டுப் போவார். கதை பெரிசாய் இல்லை, அவருக்கு இங்கிலீஸ் குறைவு. இண்டைக்கும் தந்தவர். அந்தக் கோப்பை அங்கை வாங்கிலை, அடியிலை மண்டியோடை, கிடக்கு.

கதவு திறபட்டது. டொக்டர்தான். ஸ்கான் எடுக்கக் கொண்டுபோக வண்டி வருது, கோச் முதலாளியோடை போனிலை நிக்கிறார், அதுக்குள்ளை டாறியோ உன்னை வரட்டாம் எண்டு சொல்லிப்போட்டு அவர் நடைவழியாலை போட்டார். நான் போனன். மாதாவே, அவர் என்னை அடிச்சால் நல்லாயிருக்கும், அடிச்சுப்போட்டு எழும்பி நடந்தால் நல்லாயிருக்கும். காற்சட்டையைக் கத்தரிச்சு விட்டிருந்தினம், முழங்காலுக்கு மேலையும் கீழையும் ஐஸ் பை. படத்திலை காணாத வயசெல்லாம் முகத்திலை இருந்தது. கிட்ட வா எண்டு கையைக் காட்டினார், போனன், என்ரை மணிக்கட்டைப் பிடிச்சார். குளிர்ந்த கை, ஐஸைத் தொட்ட கை. இங்கிலீசிலை சொறி எண்டு தொடங்கி, அதையே மூண்டு நாலு தரம் சொன்னன். அவர் தலையை ஆட்டினார்.

“நீ என்னைத் தொடேல்லை, ஜெறி. பந்தைத்தான் தொட்டனி.”

எனக்கு அழுகை வந்திட்டுது. அவருக்கு முன்னாலையே, சின்னப் பிள்ளை மாதிரி, மூக்காலை வழிய அழுதன். படேல்லை, என்ரை கால் படேல்லை, விரல் பொய் சொல்லேல்லை. அந்தோனியாரே உமக்கு ஒரு பெட்டி மெழுகுதிரி. அவர் நான் அழுது முடியுமட்டும் பாத்துக்கொண்டு கிடந்தார், பிறகு ஆறுதலாய், சொல்லுத் தேடித் தேடிச் சொன்னார். இந்த முழங்கால் போன வருசமே போட்டுதாம். ஊரிலை ஒரு டொக்டரைக் கொண்டு அதிலையிருந்து தண்ணி எடுப்பிச்சுப்போட்டு வந்தவராம். இஞ்சை வந்து சோதிச்ச நேரம், ரெண்டு மாதம் ஓடாமல் கிடந்து வந்தபடியாலை வீக்கம் தெரியேல்லையாம். கேட்டவை, நோ இருக்கோ எண்டு. ஒண்டுமில்லை எண்டு சொன்னவராம். நான் கேட்டன், பிறகு ஏன் பெனியனைக் கழட்டினனீங்கள் எண்டு. இந்தக் கிழமை படுக்கையிலை திரும்பவே ஏலாதாம், சனிக்கிழமை சனத்துக்கு முன்னாலை, ஒருத்தரும் கிட்ட வராமல், தனிய ஓடேக்கை விழுந்து கிடப்பன் எண்டு நித்திரையே இல்லையாம்.

“மற்றவை வரமாட்டினம். நீ வருவாய் எண்டு தெரியும்.”

முதல் அது எனக்குப் புகழ் மாதிரித்தான் கேட்டது, என்ன செய்யிறது, டாறியோ வெலானி சொல்லிறார். பிறகுதான் விளங்கிச்சுது. என்னைப் பாத்துத்தான் வந்திருக்கிறார். எனக்கு முன்னாலை வந்துதான் காலை ஊண்டித் திரும்பியிருக்கிறார். தனிய விழுந்தால் அது பழைய முழங்கால், பொய் சொல்லி வந்த முழங்கால், கழகம் ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போட்டு, ஊரெல்லாம் ஏமாத்துக்காரன் எண்டு சொல்லி அனுப்பும். நான் விழுத்தி விழுந்தால் அது விபத்து, மரியாதையாய்ப் போகலாம், சனம் எழும்பி நிண்டு கை தட்டி அனுப்பும். அவர் மணிக்கட்டை விடேல்லை. உன்ரை கால் பட்டது எண்டு மட்டும் சொல்லு எண்டார், நான் எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவன், எனக்கு அவனிலை கோவமில்லை, விளையாட்டிலை நடக்கிறதுதான் எண்டு, ஒரு கிழமை கத்துவினம், பிறகு மறந்திடுவினம் எண்டார். மறப்பினமோ? டாறியோவைப் பற்றி ஆர் கதைச்சாலும் கடைசியிலை என்ரை பேரும் வரும், என்ரை செத்த வீட்டிலையும் வரும். மாட்டன் எண்டு சொல்லத்தான் நிமிர்ந்தன். அப்பதான் உணர்ந்தன், அவரின்ரை கை நடுங்குது. என்ரை கையெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், இல்லை, அவரின்ரை கை. இந்த மனுசனும் எத்தினை படியிலை குனிஞ்சு சப்பாத்து நூல் கட்டினவரோ, எத்தினை குளியலறையைப் பூட்டிப்போட்டு ஐஸ் வைச்சவரோ. கோபமெல்லாம் எங்கை போச்சுதோ தெரியேல்லை. சரி சொல்லுவம் எண்டு நினைச்சன், மெய்யாய் நினைச்சன், அவரின்ரை கோப்பியைக் குடிச்ச வாயாலை ஒரு சொல்லுச் சொன்னால் என்ன, எனக்கு வயசு இருக்கு, எழும்பி விடுவன். அப்பாவிட்டை மட்டும் உண்மையைச் சொல்லுவம். சொல்லிறன் எண்டு தலையை ஆட்டினன். அவர் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார், பாரம் இறக்கின மாதிரி.

கோச் உள்ளை வந்தார், பின்னாலை டொக்டர். கோச்சின்ரை கையிலை போன் இன்னும் வெளிச்சமாய்க் கிடந்தது, முதலாளி மற்றப் பக்கத்திலை காத்துக்கொண்டு நிக்கிறாராக்கும். என்ரை பக்கம் திரும்பினார். முகத்தைப் பாத்திருந்தால் நான் சொல்லியிருப்பனோ என்னவோ. அவர் என்ரை சப்பாத்தைப் பாத்தார், பிறகு என்ரை தலைக்கு மேலாலை, திறந்து கிடந்த கதவாலை, அங்கை அலுமாரிப் பக்கம் பாத்தார், இல்லாட்டி சும்மா வெளியிலைதான் பாத்தாரோ தெரியாது, எனக்கு அலுமாரியைப் பாத்த மாதிரித்தான் இருந்தது, ஜெறி எண்டு எழுதின ஒட்டுநாடாவைப் பாத்த மாதிரித்தான் இருந்தது.

“ஒரு கேள்வி. உன்ரை கால் அவரிலை பட்டதோ இல்லையோ?”

பட்டது எண்டு சொல்ல வாயைத் திறந்தன். நாக்கு அந்தச் சொல்லுக்குத்தான் போனது. டாறியோவின்ரை விரல் மணிக்கட்டிலை இருக்கு, எனக்குத் தெரியுது, பிறகு பசை தெரியுது, கெல்வினின்ரை அலுமாரியிலை தூசு பிடிச்ச பசை, அப்பா பஸ்ஸிலை தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறது தெரியுது.

“பந்திலைதான் பட்டது. அவரிலை படேல்லை.”

உண்மைதானே. ஒரு சொல்லுப் பொய் இல்லையே. ஆனால் உண்மை எண்டதுக்காகவோ நான் சொன்னனான்? பயத்திலை சொன்னன். என்ரை குரல் கெஞ்சினது எனக்கே கேட்டது. டாறியோ என்னைத் திட்டேல்லை, பொய் எண்டு மறுக்கவும் இல்லை. என்ரை கையைக் கட்டில் விளிம்பிலை வைச்சார், சிந்தாமல் கோப்பை வைக்கிற அதே பக்குவத்தோடை, ஆனால் விரலை மூடி விடேல்லை. கோச்சின்ரை பார்வை என்னை விட்டுப் போட்டுது. அது மெல்ல நகர்ந்து ஐஸ் பைக்குப் போச்சுது, அங்கையே நிண்டுது, டாறியோவின்ரை முகத்துக்கு ஏறவே இல்லை. அப்ப இந்த நோ முந்தியே இருந்திருக்கோ எண்டு டொக்டரிட்டைக் கேட்டார், டாறியோ கட்டிலிலை கிடக்காத மாதிரி. நீ போய்ச் சாப்பிடு ஜெறி எண்டு எனக்குச் சொன்னார். நல்ல குரலிலை சொன்னார்.

வெளியிலை வந்தன். தப்பிப்போட்டன். தப்பிப்போட்டன் எண்டு ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தன், ஒரு சந்தோசமும் வரேல்லை. சாப்பாட்டறைக்கு மேலை ஏறினன், ஒமார் முதுகிலை தட்டினான், ஒருத்தன் தண்ணி தந்தான், எல்லாருக்கும் கதை அதுக்குள்ளை தெரிஞ்சு போச்சுது, கிழவன் ஏமாத்திப்போட்டானாமே எண்டு ஒருத்தன் சிரிச்சான், அவனுக்கும் நேற்றுவரை டாறியோ கடவுள். எனக்குச் சோறு இறங்கேல்லை. யன்னலாலை பாத்தன், கீழை வண்டி நிக்குது, அவரைச் சக்கரக்கதிரையிலை வைச்சுச் சரிவாலை தள்ளிக்கொண்டு போகினம், இந்த முறை அவர் ஒருத்தருக்கும் கை காட்டேல்லை. மைதானத்துக் கோட்டுக்கு வெளியிலை மஞ்சள் பெனியன் எறிஞ்ச இடத்திலையே கிடந்தது. ஒருக்கா ஓடிப்போய் அவரிட்டை ஏதும் சொல்லவேணும் போலை இருந்தது, என்ன சொல்லிறது எண்டு தெரியாமலே எழும்பிப் படிக்கு வந்தன். கெதியாய் ஓடி இறங்கினன், குனிஞ்சு நூல் கட்ட மறந்துபோனன், நடுப்படியிலை வலது முழங்கால் டக் எண்டது. சத்தமாய். முந்தி ஒருநாளும் இவ்வளவு சத்தமாய் வந்ததில்லை. சுவரோடை ஒட்டி நிண்டன், கம்பியைப் பிடிச்சன். கீழை கோச் போனைக் காதிலை இருந்து எடுத்துப்போட்டு நிமிர்ந்து பாத்துக்கொண்டு நிக்கிறார். வெளியிலை வண்டிக்கதவு அடிச்சுச் சாத்திற சத்தம் கேட்டது.

“என்ன ஜெறி, காலிலை ஏதும் நோவோ?”

ஒண்டுமில்லை எண்டு சொன்னன்.